இடது பின்சக்கரத்து ஆள்

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுப் பந்தயப் பாதை போட்டிருக்கிறார்கள். பேர் மட்டும் பெரிய பேர். கழிவறையில் தண்ணீர் வராது. அங்கே நடந்த ஆறு மணி நேரக் கார்ப் பந்தயத்தை நடுவர்களுக்காகப் படம் பிடிக்க வந்திருந்தாள் மாதுமை. ஓட்டுகிறவர்களில் ஒருவன் அவள் தம்பி சுபேசன்.

கிளம்புமுன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது சுபேசன் அணியின் வழக்கம். அன்றைக்கு மூன்றுதான் இருந்தது. நான்காவதைச் சக்கரம் மாட்டும் ஹைகல் ஐஸ் தண்ணீரில் பிழிந்து குடித்திருந்தான்.

"வெயிலு மண்டைய பொளக்குது லா. மூணு சக்கரத்துக்குப் போட்டாச்சில்ல, பத்தாதா?"

"கார உன் வயித்து மேல ஏத்துறேன் பாரு மச்சான்," என்று சுபேசன் சிரித்தான். இடது பின்சக்கரம் வெறும் தரையில் உருண்டு போனது.

கடைசித் தடவை சக்கரம் மாற்றக் கார் பிட்டுக்குள் வந்தபோது மாதுமை சுவரோரம் குந்தி முப்பது படம் எடுத்தாள். பிட்டில் நான்கு பேர்தான் காரைத் தொடலாம். ஐந்தாவது கை பட்டால் அணியையே பந்தயத்திலிருந்து தூக்கிவிடுவார்கள், அதுதான் சட்டம். நான்கு பேரும் வேலையை முடித்து விலக, கார் சீறிக்கொண்டு போனது.

படங்களைத் தள்ளிப் பார்த்தாள். ஐந்து பேர்! ஹைகலை ஒட்டி இடது பின்சக்கரத்தருகே ஒருவர் குந்தியிருந்தார். தலைக்கவசம் இல்லை. வெறுங்கால். தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர் மாதிரி முட்டிவரை காய்ந்த ரப்பர் பால். முப்பது படத்திலும் அவர் அசையவே இல்லை. ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்திருந்தார். கார் போன பிறகு எடுத்த கடைசிப் படத்திலும் அந்தக் கை அப்படியேதான் காற்றில் நின்றது.

ஹைகலிடம் ஓடினாள். "தம்பிய உள்ள கூப்பிடு. சக்கரத்துல என்னமோ ஆயிருக்கு!"

படத்தைப் பார்த்த ஹைகலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னும் இருவது நிமிஷம்தான் அக்கா, முதல்ல போறான். இத காட்டுனா அஞ்சு பேருன்னு தூக்கிருவானுங்க. அழிச்சிருங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

நாசமாய்ப் போன கோப்பைக்குத் தம்பியைக் கொடுப்பாளா? நேரே தலைமை நடுவர் துரைசிங்கத்திடம் போய்ப் படத்தை நீட்டினாள். கறுப்புக் கொடி காட்டிக் காரை உள்ளே அழைத்தார்கள்.

சுபேசன் இறங்கியதும் தலைக்கவசத்தை வீசி எறிந்தான். "நீயெல்லாம் கூடப் பொறந்தவளா அக்கா?"

மாதுமை இடது பின்சக்கரத்தைக் காட்டினாள். ஹைகல் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கினான். யாரும் தொடாமலே இடது பின்சக்கரம் கழன்று அவன் மடியில் விழுந்தது. அதை இறுக்கும் ஒரே நட்டைக் காணோம்.

"இது இல்லாம எப்படி ஓடுச்சு?" என்றான் ஹைகல்.

துரைசிங்கம் அணியை நீக்கும் தாளோடு வந்தார். "தம்பி, அந்த அஞ்சாவது ஆளு யாரோ வெளி ஆளுன்னா சொல்லுங்க. தண்டனைய ரத்து பண்ணிடுறேன். புது நட்டு போட்டு ஓடலாம்."

சுபேசன் அக்காவின் கேமராவை வாங்கினான். கடைசிப் படத்தை, காற்றைப் பிடித்திருந்த அந்தக் கையை, வெகுநேரம் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"எங்க ஆளுதான் சார்," என்று சொல்லி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டான்.