ரஃபீனா கறுப்பைக் குறிவைக்கிறாள்

1

இந்தக் கதை ஒரு புகாரில் தொடங்கியது. மட்டாஞ்சேரியில், பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் அனில் நடத்தும் பில்லியர்ட்ஸ் ஹாலில், பாண்டித்துரை என்னிடம் கேட்டார்: "என்னத்தையோ எழுதுறீங்களாமே. நான் வாசிக்கிற மாதிரி ஒண்ணு எழுதக் கூடாதா?"

நியாயம்தான். அந்த ஹாலில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. எல்லாரும் மலையாளத்தில் படித்தவர்கள். என்னை விட்டால் தமிழ் வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான். தேனிக்காரர். கலூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். விடுமுறை நாளில் பஸ் பிடித்து இங்கே வந்துவிடுவார்.

முதல் வரியை எழுதினேன்: "புகை மண்டிய அந்த இருட்டறையில், சூதாடிகளின் கண்கள்..."

அடித்துவிட்டேன். அனில் யாரையும் பீடி பற்றவைக்க விடமாட்டார். ஜன்னல்கள் காயலைப் பார்த்துத் திறந்திருக்கும். அங்கே அதிகம் தீர்வது சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும், பந்தை அடிக்கும் க்யூ குச்சியின் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்பீஸும்தான்.

2

பாண்டித்துரையின் ஜோடி நஜ்முதீன். கீழ்த்தெருவில் மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். நன்றாக ஆடுவார். ஒரே ஒரு குணம்: ஜோடி குனிந்து குறிபார்க்கும்போது வாய் சும்மா இருக்காது. "கொஞ்சம் இடது... மெல்ல... அவ்வளவு வேண்டா..."

ஓணத்துக்கு இரட்டையர் போட்டி வந்தது. பாண்டித்துரை தன் பெயரை அபிராமோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அபிராம் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். பலகையில் எழுதிய பிறகுதான் நஜ்முதீனுக்குத் தெரிந்தது.

(இந்த இடத்தில் நட்பின் முறிவு பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். கட்டுரை மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: அவர் க்யூவைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார், சோறு வேண்டாம் என்றார்.)

"பாண்டியண்ணன் மேல உள்ள கோவத்தை மீன்குழம்பு கிட்ட காட்டாதீங்க," என்றாள் அவர் மனைவி ரஃபீனா. "ஜோடிதானே வேணும்? நான் வரேன்."

3

இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. க்யூவையே தொடாதவள் எப்படி ஆடுவாள்?* எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். "ரஃபீனா தயங்கித் தயங்கிப் படியேறினாள்" என்ற வரியில் நிறுத்தினாள்.

"ஞான் எப்ப மாஷே தயங்கினேன்? படி ஈரமா இருந்துச்சு. அதான் மெல்ல ஏறினேன்."

(மாஷ் என்றால் வாத்தியார். இங்கே எழுதுகிறவன் எவனும் மாஷ்தான்.)

திருத்திவிட்டேன். ஈரமான படியில் மெல்ல ஏறினாள்.

* கேரம். வாப்பா வீட்டில் அக்கா தங்கைகள் எல்லாரும் ஆடுவார்களாம். ஓரத்தில் மோதித் திரும்பும் காய் எங்கே போகும் என்பது அவளுக்குப் பார்த்தாலே தெரியும். க்யூ பிடிக்க மட்டும் இரண்டு வாரம் பழகினாள்.

4

இறுதி ஆட்டம். ஒரு பக்கம் நஜ்முதீனும் ரஃபீனாவும். மறுபக்கம், நீங்கள் நினைத்தபடியே, பாண்டித்துரையும் அபிராமும். பழைய ஜோடிகள் இரண்டு பேரும் முகம் பார்க்காமலே சாக்பீஸை வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள்.

தங்கள் பந்துகளை எல்லாம் போட்டு முடித்தவர்கள் கடைசியில் கறுப்பைப் போட வேண்டும். ரஃபீனாவின் முறை. கறுப்பு மூலையில் இருந்தது. எதிராளியின் பந்து ஒன்று வழியை மறித்தது. வெள்ளைப் பந்தை ஓரத்தில் மோதவிட்டுத்தான் கறுப்பைத் தொட முடியும்.

அவள் குனிந்தாள். நஜ்முதீன் வாயைத் திறந்தார்.

"இக்கா, மிண்டாதீங்க," என்றாள், தலை நிமிராமல்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஜன்னல் பக்கம் போய் காயலைப் பார்த்தபடி நின்றார். பாண்டித்துரை மேஜையைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நஜ்முதீன் ஒரு ஷாட்டுக்கு வாய் மூடி நின்றதை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

ரஃபீனா அடித்தாள்.

5

இங்கே ரஃபீனா மறுபடி தடுத்தாள். "இனி எழுத வேண்டா. பாண்டியண்ணன் வாசிப்பாரு. மனசு வெஷமிக்கும்."

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். பந்து விழவில்லை என்று ஒன்று. வேண்டுமென்றே தவறவிட்டாள் என்று ஒன்று. அதைக் கேட்டு அவள் என்னை முறைத்தாள். கடைசியில் வெறும் இடம் விட்டு, தாள்களைப் பாண்டித்துரையிடம் கொடுத்தேன்.

அவர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து, விரல் வைத்து, வரிவரியாக வாசித்தார். பழம்பொரி ஆறிப்போனது.

"ஏன் இங்க நின்னுபோச்சு?"

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு ரஃபீனா..."

"தங்கச்சி போட்டுச்சு. சுத்தமாப் போட்டுச்சு. அதை எழுதாம வேற என்னத்தை எழுதப்போறீங்க?" தாளைத் திருப்பித் தந்தார். "நான் அவரை ஏன் விட்டேன்னும் எழுதுங்க. ஆட்டம் தெரியாதவருன்னு விடல. நான் குனிஞ்சாலே வாத்தியார் வேலை பாக்குறாருன்னுதான் விட்டேன்."

அடுத்த மேஜையிலிருந்து நஜ்முதீன் கேட்டார்: "அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே பாண்டி."

"எங்க பாய் சொல்ல விட்டீங்க?"

நஜ்முதீன்தான் முதலில் சிரித்தார். பிறகு இன்னொரு சாயாவுக்குக் குரல் கொடுத்தார்.

6

ஆகவே, கறுப்பு விழுந்தது. இது பாண்டித்துரை எழுதச்சொன்ன முடிவு.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இன்னொரு இரட்டையர் போட்டி. நஜ்முதீன் ரஃபீனாவைக் கேட்டிருக்கிறார். பாண்டித்துரையும் கேட்டிருக்கிறார், வீட்டுக்கே போய், நஜ்முதீன் எதிரிலேயே. "ஆலோசிச்சுச் சொல்றேன்," என்று இருவருக்கும் சாயா கொடுத்தாளாம். என்னிடமும் அவள் சொல்லவில்லை. அனில் பலகையில் அவள் பெயரை எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார். சாக்பீஸ் துண்டு பலகையின் கீழே இருக்கிறது. உங்களுக்கு யார் என்று தோன்றுகிறதோ, எழுதுங்கள்.