முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும்

எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல் என்று உம்மா சொல்வார். என்னைக் கேட்டால், கோபம் வரும்படியான விஷயங்கள்தான் கூடுதல். எழுபத்து மூன்றாம் ஆண்டு எனக்குக் கோபம் வந்தது ஒரு பாறையால்.

குச்சவெளியில் எங்கள் ஆட்களிடையே பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா எனக்கென்று கட்டிய வீட்டின் பின்வளவில் ஒரு வெள்ளைப் பாறை பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. மாப்பிள்ளை லாபிர், வடக்குக் கரையில் மீன்வாடிக் கொட்டில் வைத்திருந்த ஸஹாப்தீன் மாமாவின் மகன். ஒருநாள் பஸ்ஸில் எனக்கும் உம்மாவுக்கும் இடம் விட்டு எழுந்தவர், எழுந்ததற்கே வெட்கப்பட்டு மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனார். அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நோன்புப் பெருநாள் கழிந்ததும் கலியாணம் என்று நாள் வைத்திருந்த நேரத்தில் பேணாட் வந்து சேர்ந்தார். திருகோணமலை டவுன்காரர், கொழும்பில் கல்லையும் மண்ணையும் ஆராயும் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. வளவுக்குள் வரலாமா என்று வாப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார். சுத்தியலால் பாறையைத் தட்டி ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டார். பிறகு சிவப்புப் பெயின்றால் பாறையில் பெரிதாக 31 என்று எழுதினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டுப் போனார் என்பதுதான் சரி. புல்மோட்டையில் அரசாங்கம் கனிமத்துக்காகக் கறுப்பு மணல் அள்ளத் தொடங்கிய நாளிலிருந்து, அரசாங்கத்து ஆள் பெயின்ற் அடித்த காணி அரசாங்கத்துக்குத்தான் என்று ஊரில் ஒரு முடிவு இருந்தது. யாருடைய காணி அப்படிப் போனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. மறுநாள் ஸஹாப்தீன் மாமாவே வந்தார். வாப்பா இழுத்துப் போட்ட கதிரையில் இருக்கவும் இல்லை.

“கோவிக்க வேணாம், ஜெமீல். நாளைக்கு அரசாங்கம் எடுக்கிற வளவுல என்ட மகனைக் குடியிருத்த ஏலாது. வேற வளவுல வீட்டைக் கட்டுங்க, பிறகு பாப்பம்.”

வாப்பாவுக்கு வேறு வளவு ஏது? லாபிர் எனக்கு இல்லையே என்று நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். நல்ல வேளை, பிறகு கோபம் வந்தது.

பேணாட்டைத் தேடி உம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நிலாவெளிக்குக் கிட்ட, கரையோரம் குந்தியிருந்து ஒருவர் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். “நிப்பாட்டுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார்.

“எங்கட கல்லுல பெயின்ற் அடிச்ச ஆள் நீங்கதானே? என்ட கலியாணம் நிண்டு போச்சு! வந்து நடத்தித் தாங்க!”

பேணாட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தார்.

“வாங்க மகன்,” என்றார் உம்மா. “வராட்டி இவள் உங்களை விடமாட்டாள்.”

அன்று பின்னேரம் எங்கள் விறாந்தையில் பெரிய பாயை விரித்து வாப்பா, ஸஹாப்தீன் மாமா, பேணாட் மூவரும் இருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். காது மட்டும் விறாந்தையில். பேணாட் மாமாவை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் ‘நானா’ என்றே கூப்பிட்டார்.

“அது நான் எடுத்த துண்டுக்கு ஒரு அடையாளம், நானா. எங்க எடுத்தது எண்டு மாறிப் போகாம இருக்கத்தான். காணிக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

“முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க,” என்றார் மாமா.

“அப்ப முப்பத்திரண்டுக்கு என்ன செய்யப் போறீங்க?”

“அது எங்க இரிக்கி?”

“வடக்குக் கரையில, ஒரு வாடிக்குப் பக்கத்தில. தோணி கட்டுற வெள்ளைக் கல்லு. கேட்டு அடிக்க ஆளில்லை. நம்பரைக் கல்லுக்குப் பின்பக்கமா அடிச்சனான்.”

மாமா துள்ளி எழும்பினார். “அது என்ட வாடி! என்ட கல்லு!”

“ரெண்டும் ஒரே கல்லு, நானா.”

பேணாட் வாப்பாவையும் எழுப்பி, பாயின் ஒரு முனையை அவரிடமும் மறுமுனையை மாமாவிடமும் கொடுத்தார். நடுப்பகுதி தொய்ந்து நிலத்தைத் தொட்டது.

“இது ஒரு காலம் கடற்கரை மணல். நூறு கோடி வருசத்துக்கும் முந்தி. அப்ப கடல்ல மீனும் இல்லை, கரையில மரமும் இல்லை. அந்த மணல் ஆழத்துக்குப் போய், கல்லாகி, வெந்து, நெருக்குப்பட்டு இப்பிடி மடிஞ்சு போச்சு. அந்த நேரம் இந்தியா, ஆபிரிக்கா, தெற்கில பனி மூடின கண்டம் எல்லாம் எங்களோட ஒட்டித்தான் கிடந்தது எண்டு சொல்லுகினம். மேல இருந்த மலையெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு. இப்ப வெளியில தெரியிறது இந்த ரெண்டு முனைதான். ஜெமீல் நானா பிடிச்சிருக்கிறது முப்பத்தொண்டு, நீங்க பிடிச்சிருக்கிறது முப்பத்திரண்டு. நிலத்துக்குக் கீழ ஒண்டாத்தான் கிடக்கு.”

மாமா பாயைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். இருவரும் பாயை விடவில்லை.

“அப்ப நாங்க சம்பந்தம் பேச முந்தியே...” என்று வாப்பா இழுத்தார்.

“கல்லு பேசி முடிச்சிட்டு!” மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தொந்தி குலுங்கக் குலுங்கப் பாயும் குலுங்கியது. “அரசாங்கம் எடுத்தா ரெண்டையும் எடுக்கட்டும், ஜெமீல். போனா ஒண்டாப் போவம். பனி நாட்டிலயும் நமக்குச் சொந்தக்காரர் இரிக்காங்களாம், அவங்களுக்கும் கலியாணம் சொல்லணும்!”

கதவுக்குப் பின்னால் நான் உம்மாவைக் கட்டிப் பிடித்துச் சிரித்தேன். சத்தம் வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் பாறைக்கும் ஒரு பூச்சுப் பூசப் போனார்கள். மாமா ஓடி வந்தார். “நம்பர்ல கை வைக்காதீங்க! சாட்சி அது!” பேணாட்டும் வந்திருந்து, மாமாவோடு ஒரே சஹன் தட்டில் நெய்ச்சோறு சாப்பிட்டார்.

மாப்பிள்ளையை என் அறைக்குள் கொண்டுவந்து விட்டார்கள். லாபிருக்கு அதே பஸ் வெட்கம். நிலத்தைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க என்று நான் சொல்லப் போன நேரம், அவரே சொன்னார்:

“எங்கட வாடிக் கல்லு, உங்கட கல்லுக்கு ஸலாம் சொல்லச் சொன்னது.”

கோபப்பட எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வஅலைக்கும் ஸலாம் என்று கல்லுக்காக நானே பதில் சொன்னேன்.