எதிர்க்கடைக்குப் போன சிக்னல்

கம்பியக்காவுக்கு அந்தப் பெயர் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இணையக் கம்பி இழுக்கத் தோளில் கம்பிச் சுருளும் கையில் ஏணியுமாக அவள் ஏறாத மாடி அந்த வட்டாரத்தில் கிடையாது. அப்படிப்பட்டவள் அன்று காலை ஏணியும் ஒரு கைப்பையுமாகக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, "கம்பியே வேண்டாம்ணா" என்றபோது கண்ணாடிக்காரர் நம்பவில்லை. கசாப்புக்காரர் கத்தி வேண்டாம் என்று சொன்னதுபோல் இருந்தது அவருக்கு.

கைப்பையிலிருந்து இரண்டு வெள்ளைப் பெட்டிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது.

"ஒண்ணு இங்க உங்க பெயர்ப் பலகைக்குக் கீழ. இன்னொண்ணு எதிர்ல உங்க தங்கச்சி தையல் கடைக்குள்ள. இது பேசும், அது கேக்கும். அது பேசும், இது கேக்கும். அவ்வளவுதான்."

"நடுவுல தெரு இருக்கே?"

"இருந்துட்டுப் போகட்டும்."

கண்ணாடிக்காரர் தெருவை ஒருமுறை பார்த்தார். பதினெட்டு அடி அகலம், ஓயாத வண்டிகள், எந்நேரமும் ஆட்கள். இத்தனையும் தாண்டி அந்தப் பக்கம் ஒன்று போய்ச் சேரும் என்பது அவர் மண்டையில் ஏற மறுத்தது. ஆனால் வாதாட நேரமில்லை. மணி ஒன்பதரை. பன்னிரண்டுக்கு அழைப்பு.

அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்துத் தைத்து அலுத்துப்போய், போன மாதம்தான் எதிரே சொந்தக் கடை போட்டாள். கடை திறந்த பதினைந்தாம் நாள் தொலைவிலுள்ள ஒரு பெரிய நகரத்திலிருந்து செய்தி வந்தது. காது கேளாதவர்களே நடிக்கும் நாடகக் குழு. வருஷம் முழுக்க நாடகங்கள், அத்தனைக்கும் உடை தைக்க ஒரே ஆள் வேண்டும். அவர்களுடைய உடையில் ஒரு சூட்சுமம் உண்டு. கைதான் அவர்களுக்கு வாய். சட்டைக்கை மணிக்கட்டைத் தாண்டினால் வசனம் மறைந்துபோகும், மார்பில் பூப்போட்ட துணி இருந்தால் விரல்கள் தெரியாது. இது தங்கச்சிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதிரிக்கு நான்கு உடைகளைத் தைத்துப் பொம்மைகளுக்குப் போட்டு வைத்திருந்தாள். குழுவின் உடைப் பொறுப்பாளர் அம்மா இன்று பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் உடைகளையும் கடையையும் பார்க்கிறார். பிடித்தால் வேலை இவளுக்கு. பிடிக்காவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. கம்பெனி மேற்பார்வையாளரோ மாத முடிவுவரைதான் அவளுடைய பழைய வேலையை வைத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

புதுக் கடைக்கு இணைய இணைப்பு கேட்டு விண்ணப்பம் போட்டாயிற்று, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்தத் தெருவில் போன் சிக்னல் குரலுக்கே மூச்சு வாங்கும், படத்துக்கு எங்கே போவது? அதனால்தான் அண்ணன் கடை இணைப்பைத் தங்கச்சி கடைவரை நீட்டும் இந்த ஏற்பாடு.

கண்ணாடிக்காரருக்குள் ஒரு மனக்குறையும் இருந்தது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கட்டட உரிமையாளர் முன்னாலும் இதுநாள்வரை தங்கச்சிக்காக வாய் திறந்தவர் அவர்தான். இன்றைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக் கொடுப்பதாகச் சொல்லி, சலவைச் சட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். அவள் கையால் ஒரே வெட்டு வெட்டினாள். "நீ வேண்டாம்." அவருக்குச் சுருக்கென்றது. இவள் தனியாக என்ன செய்துவிடுவாள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பத்தே கால் மணிக்கு இந்தப் பக்கப் பெட்டி பலகைக்குக் கீழே ஏறியது. அந்தப் பக்கக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது உரிமையாளர் கட்டளை. வாசல் கதவும் பக்கத்துச் சந்தில்தான் திறக்கும். தெருவைப் பார்த்தது கண்ணாடி முகப்பு மட்டும்தான். கீழே ஒரு பெரிய கண்ணாடி, மேலே வரிசையாக மூன்று சின்னக் கண்ணாடிகள். அந்த நடுக் கண்ணாடிக்குப் பின்னால், உட்பக்கம் பெட்டியை மாட்டிவிட்டுக் கம்பியக்கா கீழே இறங்கினாள். பெட்டியில் பச்சை விளக்கு வரவேண்டும். சிவப்பு வந்தது.

திரும்ப அணைத்துப் போட்டாள். சிவப்பு. சாய்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள், இந்தப் பக்கப் பெட்டியை ஏணி போட்டு ஒரு சாண் திருப்பினாள். சிவப்பு. தங்கச்சி டேப்லெட்டில் சோதித்துப் பார்த்தபோது படம் பாதி முகத்தோடு உறைந்து நின்றது.

"வாங்கண்ணா, அது எங்க செத்துப் போகுதுன்னு பாப்போம்" என்று கம்பியக்கா போனைக் கையில் பிடித்தபடி தெருவில் இறங்கினாள். கண்ணாடிக்காரர் பின்னாலேயே போனார். நடுத்தெருவில் நின்று, பலகைக்குக் கீழிருந்த பெட்டியின் சிக்னலைப் போனில் காட்டினாள். கோடுகள் அத்தனையும் நிறைந்திருந்தன.

"இங்க இருக்கா?"

"இருக்கு."

"இப்பவா? இந்த இடத்துலயா?"

"உங்க மேல, உங்க சட்டைக்குள்ள, உங்களைத் தாண்டி. எல்லா இடத்துலயும்தான்."

கூடை நிறையக் காய்கறியோடு ஒரு பெண் அவர்களுக்கு நடுவே புகுந்து போனாள். ஒரு சைக்கிள் மணியடித்துவிட்டுப் போனது. போனில் ஒரு கோடுகூடக் குறையவில்லை. கண்ணாடிக்காரர் தன் கையை விரித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தத் தெருவைக் குறுக்கே கடக்கிறார், காற்றில் தூசி இருப்பது தெரியும், புகை இருப்பது தெரியும். பேச்சும் படமும் கடிதமும் ஓசையில்லாமல் தன்னைத் துளைத்துக்கொண்டு போகும் என்று கனவிலும் நினைத்ததில்லை. ரோமம் சிலிர்த்தது. வண்டிக்காரன் ஒருவன் "தெருவுல நின்னு என்ன வேண்டுதலா?" என்று கத்திய பிறகுதான் நகர்ந்தார்.

தையல் கடை முகப்புக்கு ஒரு முழம் முன்னால் கோடுகள் நிறைய இருந்தன. சந்து வழியாக உள்ளே போய் அதே கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் ஒன்றே ஒன்று, அதுவும் விட்டுவிட்டு.

"சுவரே இல்ல, வெறும் கண்ணாடி" என்று கம்பியக்கா தலையைச் சொறிந்தாள். "கண்ணாடி ஒண்ணும் பண்ணாதே. எத்தனை கடையில மாட்டியிருக்கேன்! பெட்டிதான் கோளாறு போல. வேற பெட்டி நாளைக்குத்தான் கிடைக்கும்."

அது வெறும் கண்ணாடி இல்லை என்பது அந்தத் தெருவிலேயே கண்ணாடிக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். கடை திறப்புக்கு அவர் கொடுத்த பரிசு அது. வெயில் பட்டால் துணியின் சாயம் போகும் என்று, இருப்பதிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து வரவழைத்தார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடிதான், போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் தலைவாரிக்கொண்டு போனார்கள். வெயிலைத் திருப்பி அனுப்புகிற பூச்சு சிக்னலையும் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி இந்த ஊரிலேயே கிடையாது என்று ஒரு மாதமாக ஒருவர் பாக்கியில்லாமல் எல்லா வாடிக்கையாளரிடமும் பெருமை அளந்திருக்கிறார். இப்போது அதே வாயால் எப்படிச் சொல்வது? கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. தங்கச்சி டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கௌரவமாவது மண்ணாவது என்றாகிவிட்டது.

"பெட்டி மேல தப்பில்ல அக்கா. என் கண்ணாடிதான்" என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

கம்பியக்கா மூக்கின் மேல் விரலை வைத்தாள். "கடைக்கு நீங்க கவசமே போட்டிருக்கீங்களேண்ணா!"

தங்கச்சிக்கு அவர் கைகளால் சொன்னார். அந்தக் கைப்பேச்சு எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து உண்டாக்கியது. தண்ணீர், காய்ச்சல், அப்பா கோபமாக வருகிறார், பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்கிறார், இப்படி இருநூறு சொல் தேறும். "கண்ணாடி, நான் போட்டது, தப்பு" என்றார்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள். "தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தினமும் காலையில இங்கிருந்து உனக்குக் கை காட்டறேன். நீ கண்ணாடி முன்னால வந்து தலைய வாரிட்டுப் போயிடறே."

ஒரு மாதம். அவர் அசடு வழிய நின்றார். பிறகு அரக்கப் பரக்கத் தெருவைத் தாண்டி ஓடி, கத்தியும் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் பிடிகளும் கொண்டுவந்தார்.

ஒட்டுப் பசை இறுகிக் கிடந்தது. ஏணியில் நின்று சட்டத்தைச் சுற்றி இழை இழையாக அறுத்தார். அவசரப்பட்டால் கண்ணாடி உடைந்து துணிகள் மேல் கொட்டும், அதனால் கத்தியை அடிக்கடி நிறுத்தினார். பதினொன்று ஐம்பதுக்கு நடுக் கண்ணாடி சட்டத்தைவிட்டு வந்தது. அதை மார்போடு அணைத்து ஓர் அடி இறங்கியதுதான் தாமதம், கம்பியக்கா கூவினாள். "பச்சை! பச்சை!"

யாரும் எதையும் தொடவில்லை. ஒரு சதுரம் திறந்தது, அவ்வளவுதான். வெளியே காத்துக்கொண்டு நின்றது உள்ளே வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்தபடி அந்த வெற்றுச் சதுரத்தைப் பார்த்தார். அதன் வழியாகத் தெருச் சத்தமும் தூசியும் சுடும் வெயிலும் சேர்ந்தேதான் வந்தன. அந்த வெயிலைக்கூட அன்று அவருக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டுக்குத் தங்கச்சி அவரை வெளியே அனுப்பிவிட்டாள். கம்பியக்காவுக்கு மட்டும் உள்ளே அனுமதி. அவர் தெருப் பக்கம் வந்து நின்றார். கீழ்க் கண்ணாடியில் அவருடைய வேர்த்த முகம்தான் தெரிந்தது. பொறுக்க முடியவில்லை. சட்டத்தைத் துடைக்கிற சாக்கில் கந்தல் துணியோடு ஏணியில் ஏறி, கழற்றிய ஓட்டைக்குள் தலையை நீட்டினார்.

டேப்லெட்டில் நரைத்த முடியோடு ஓர் அம்மா கைகளால் பேசிக்கொண்டிருந்தார். தங்கச்சி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் போன வேகத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. புருவம் கேள்வி கேட்டது, தோள் மறுத்தது, இரண்டு கைகளும் எதையோ விவரித்து, நடுவில் நிறுத்தி, கேலி செய்து, மறுபடி தொடர்ந்தன. பள்ளியில் அவள் தன்னைப் போன்ற பிள்ளைகளோடு இப்படிப் பேசக் கற்றாள் என்று அவருக்குத் தெரியும், இது இவ்வளவு பெரியது என்று தெரியாது. ஒரு சொல்கூட அவருக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாளும் தன்னோடு இருநூறு சொல்லில் பேசிக்கொண்டிருந்தவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா? தெருவைத் தாண்டி வந்த அலையைப் பார்த்து வியந்ததெல்லாம் இப்போது சின்ன விஷயமாகத் தோன்றியது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் தன்னோடு சாப்பிட்டு வளர்ந்தவள்.

தங்கச்சி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு பொம்மைகளைச் சுற்றிக் காட்டினாள், சட்டைக்கையை மடித்துக் காட்டினாள், முகப்புப் பக்கம் திரும்பினாள். ஓட்டைக்குள் ஒரு தலை. நரைமுடி அம்மா திரையில் திடுக்கிட்டார். "அண்ணா!" என்று கம்பியக்கா பல்லைக் கடித்தாள். தங்கச்சி திரும்பிப் பார்த்து, உள்ளே வா என்று கையசைத்தாள். திருடனைப் போலச் சந்து வழியாக வந்து அவர் டேப்லெட் முன்னால் நின்றார்.

நரைமுடி அம்மா அவரைப் பார்த்து ஏதோ கேட்டார். அவர் திருதிருவென்று விழித்தார். தங்கச்சி நடுவில் வந்து, இருவரும் உண்டாக்கிய பழைய கைப்பேச்சில் அவருக்குச் சொன்னாள். "கண்ணாடியக் கழட்டினது யாருன்னு கேக்கறாங்க."

"நான்தான்" என்றார் கைகளால். "போட்டதும் நான்தான்."

தங்கச்சி அதைத் திரைக்கு மாற்றிச் சொன்னாள். அந்த அம்மா தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு முகம் மாறி, தங்கச்சியைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். தங்கச்சியின் கைகள் அந்தரத்தில் நின்றன. கண்கள் நிறைந்து வழிந்தன. திரை அணைந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கண்ணாடிக்காரர் கம்பியக்காவைக் கேட்டார்.

"எனக்கு மட்டும் என்னண்ணா தெரியும்?"

காது கேட்கிற இருவரும் அந்தக் கடைக்குள் ஊமையாக நின்றார்கள். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். சொல்ல வாயெடுத்தவள்போல் கையைத் தூக்கிவிட்டு யோசித்தாள். ஒப்பந்தம் என்பதற்கு அவர்களுடைய இருநூறில் சொல் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஊசி. வருஷம். முழுசு. தன் நெஞ்சைத் தொட்டு, எனக்கு.

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டார்.

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து உட்கார வைத்தாள். எதிரே அமர்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, அவசரமே இல்லாமல், முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.