அவர் தூங்கிவிட்டார்

எங்கள் சபையில் யாரும் சாவதே இல்லை. 'நித்திரையடைந்தார்' என்பார்கள். சபைச் செயலாளர் அதற்கும் ஒரு படி மேலே. தெருவில் நின்று பேசும்போதுகூட, "பாவம், பெரியவர் தூங்கிட்டாரு" என்றுதான் சொல்லுவார். ஆராதனை முடிந்ததும் வரப்போகிற நிகழ்ச்சிகளை வாசிப்பது அவர் பொறுப்பு. மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார், அதனால் ஊருக்கே அவர் மைக் அண்ணன். தங்கமான மனிதர். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் அகப்பட்டிருந்தால் அவரும் நித்திரையடைந்திருப்பார்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு ராத்திரித் தூக்கமும் போச்சு, பகல் தூக்கமும் போச்சு. கால் இழுத்துப் பிடிக்கும், நீவிவிட வேண்டும். ஒருக்களித்துப் படுக்க ஆசைப்படுவார், புரட்டிவிட வேண்டும். அவர் தூங்காத வீட்டில் நான் எங்கே தூங்குவது? அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே கண்ணயர்ந்திருக்கிறேன்.

வெளியூரில் இருக்கும் மகன் போன மாதம் வந்து பார்த்துவிட்டு, "இப்படியே போனா அப்பாவுக்கு முன்னாடி நீ விழுந்துடுவம்மா" என்றான். அவன் ஊரில் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் இடம் பிடித்துவிட்டான். திங்கட்கிழமை காலை வண்டி வரும் என்று ஏற்பாடு. அவரிடம் நான்தான் சொன்னேன். "சரி" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார், முடியவில்லை. அதற்கும் நான்தான் திருப்பிவிட்டேன். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எனக்கு அவரை அனுப்ப இஷ்டமே இல்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மத்தியானப் பொழுது, யாராவது வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நான் படுத்து எழுந்துவிடுவேன், மிச்ச நாளைச் சமாளித்துவிடுவேன். மைக் அண்ணனிடம் எப்போதோ சொல்லிவைத்தேன். அவரும் வாராவாரம் வாசித்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் எப்போது வாசித்தார்? கண் பரிசோதனை முகாம், பழைய துணி சேகரிப்பு, பாடகர் குழு ஒத்திகை, தோட்டம் சுத்தம் செய்தல் எல்லாம் முடிந்து கடைசியாக, "வீட்டில் படுத்திருப்போரோடு உட்காரத் தொண்டர்கள் தேவை" என்பார். அதற்குள் ஜனம் குடையைத் தேட ஆரம்பித்திருக்கும். கண் முகாமுக்கு முண்டியடிப்பார்கள், அங்கே பனியன் தருவார்கள், போட்டோ எடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு விடிகாலையில் என்ன அதிசயமோ, அவர் கண் மூடினார். மூச்சு சீராக வந்தது. நான் கட்டிலைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். அப்போது பார்த்துப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். மைக் அண்ணன்.

"தங்கச்சி, ஆராதனை முடிஞ்சு போதகர் ஐயா உங்க வீட்டுக்கு நற்கருணை கொண்டு வரலாமான்னு கேக்கச் சொன்னாரு."

"வேண்டாம் அண்ணே," என்றேன் ரகசியக் குரலில். "அவரு தூங்கிட்டாரு. இப்பதான்."

அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது. "அமைதியாவா?" என்றார்.

"ரொம்ப அமைதியா. வலியே இல்லாம. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"தைரியமா இரு தங்கச்சி. நாங்கல்லாம் இருக்கோம்."

தூங்கினதற்கு எதற்குத் தைரியம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இருந்த அசதியில் அதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கத் தெம்பில்லை. போனை அணைத்துவிட்டு அவர் கட்டிலுக்குக் கீழேயே தலையைச் சாய்த்தேன்.

தெருவில் நாற்காலிகளை விரிக்கும் சத்தம்தான் என்னை எழுப்பியது. கதவைத் திறந்தால் சபையே வாசலில் நிற்கிறது. போதகர் அங்கியோடு, பாடகர் குழு பாட்டுப் புத்தகத்தோடு, எல்லாருக்கும் முன்னால் மைக் அண்ணன் ஒரு மலர்வளையத்தோடு. நான் வாயைத் திறப்பதற்குள் பாடகர் குழு அடக்கப் பாட்டை எடுத்துவிட்டது.

"வாயை மூடுங்க எல்லாரும்!" என்று பல்லைக் கடித்தேன். "அவரு தூங்குறாரு!"

"ஆமாம்மா," என்றார் போதகர் கனிவாக. "கர்த்தருக்குள்ள."

"கர்த்தருக்குள்ள இல்ல ஐயா, கட்டில்ல! குறட்டை விட்டுத் தூங்குறாரு!"

பாட்டு பாதியில் நின்றது. எல்லார் கண்ணும் மைக் அண்ணன் மேல் திரும்பியது. அவர் மலர்வளையத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டேன்.

"உசுரோட இருக்கிற மனுசன் பக்கத்துல உக்கார ஒருத்தருக்கும் நேரம் இல்ல. செத்துட்டாருன்னதும் நாற்காலியத் தூக்கிட்டு வந்துட்டீங்களா? நாளைக்கு வண்டி வருது, அவர இல்லத்துக்கு அனுப்பப் போறேன். என்னால முடியல. அதையும் சேத்து அறிவிங்க அண்ணே!"

வண்டி சமாச்சாரம் யாருக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை. போதகர் தலை குனிந்தார். உள்ளேயிருந்து கரகரத்த குரல் வந்தது.

"யாரு வந்திருக்கா?"

போச்சு. இத்தனை பேர் எழுப்பாத மனிதரை நானே கத்தி எழுப்பிவிட்டேன். "உங்க அடக்கத்துக்கு வந்திருக்காங்க!" என்றேன் அழுதுகொண்டே.

சற்று யோசித்தார் போலிருக்கிறது. "கூட்டம் உண்டா?"

"தெரு நெறைய!"

"பரவாயில்லையே. உள்ள வரச் சொல்லு, செத்தவன் முகத்தப் பாத்துட்டுப் போகட்டும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மைக் அண்ணன் மட்டும் போகவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தங்கச்சி, நீ போய்ப் படு. கால எப்படி நீவணும்னு மட்டும் காட்டிட்டுப் போ" என்றார்.

காட்டினேன். அடுத்த அறையில் போய் விழுந்தேன். கனவுகூட வரவில்லை.

எழுந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து, மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரியை எந்த கியரில் இறக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மைக் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் காலை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வரேன் தங்கச்சி. வெள்ளிக்கிழமைக்குத்தான் ஆள் கேட்டுட்டு இருக்கேன். இன்னும் யாரும் சிக்கல."

நான் மகனுக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நாளைக்கு வண்டி வேண்டாம்டா," என்றேன்.

"என்னம்மா இது? அப்பாவ யாரு பாத்துப்பா? எத்தன நாளைக்கு இப்படி ஓட்டுவ?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா," என்றேன். "செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்கு."