எட்டாவது பேர்

கப்பித்தோலீனா யெஃபீமோவ்னா டிராம் ஓட்டி ரிட்டையரானவள். வயது அறுபத்து நாலு. முழங்கால் வலி இருந்தாலும் சரி, பனி கொட்டினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மரக்கோயிலுக்குப் போய்விடுவாள். மெழுகுவர்த்தி விற்கும் மேஜையில் ஒரு சீட்டு வாங்கி, இறந்தவர்களுக்கான ஜெபத்தில் வாசிப்பதற்கு எட்டுப் பேர்களை எழுதிக் கொடுப்பாள். நிக்கோலாய், அலெக்சாண்ட்ரா, ஓல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாசியா, அலெக்சேய். எட்டாவதாக யெஃபீம்.

முப்பத்தோரு வருஷமாக அதே எட்டு, அதே வரிசை. முதல் ஏழு பேரும் இதே எகத்தெரின்பூர்க் நகரத்தில் 1918-ல் ஒரு வீட்டின் கீழறையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜார் மன்னரும் மனைவியும் பிள்ளைகளும். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அவர்களுக்காக ஜெபம் செய்தால் வேலை போகும், அதற்கு மேலும் போகும். ஆனால் சீட்டில் வெறும் பேர்தானே. ஊரில் நிக்கோலாய்க்கும் ஓல்காவுக்கும் பஞ்சமா என்ன? யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எட்டாவது ஆள் அவளுடைய அப்பா.

யெஃபீம் ஒரு வித்தியாசமான மனிதர். சனிக்கிழமைதோறும் வீட்டுத் தரையை அவரேதான் கழுவுவார். பெண்டாட்டியைத் தொட விடமாட்டார், மகளையும் விடமாட்டார். மண்டி போட்டு, பலகை பலகையாகத் தேய்ப்பார். "என்னப்பா யெஃபீம், உன் பொண்டாட்டிக்கு முட்டி தேஞ்சு போச்சா, இல்ல நீதான் பொண்டாட்டியா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியே கேலி செய்வார்கள். அவர் நிமிரக்கூட மாட்டார். கப்பித்தோலீனாவுக்கு அதில் பெருமைதான். இப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்க்கும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சாகும் தறுவாயில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அப்ப எனக்கு இருவது வயசும்மா. ஆலையில குடுத்த கூலி பத்தல, ராஜ குடும்பத்த அடச்சு வெச்சிருந்தாங்கல்ல, அந்த வீட்டுக் காவலுக்கு ஆள் எடுத்தாங்க, போய்ச் சேந்துட்டேன். வேலிக்குப் பக்கத்துல நிப்பேன். அந்தப் பையனால நடக்க முடியாது, தகப்பன் தூக்கிட்டு வந்து தோட்டத்துல உக்கார வைப்பாரு. தினமும். பொண்ணுங்க ரொட்டி சுடக் கத்துக்கிட்டுதுங்க. ஒரு நாள் கருகிப் போச்சு போல, அப்படி ஒரு சிரிப்பு! வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் சிரிப்பு வந்துட்டுது."

மூச்சு வாங்கியது. மகள் தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"நான் சுடல. காலையில கூப்பிட்டு வாளியும் மரத்தூளும் கையில குடுத்தாங்க. பொணம் எடுத்த வீட்டச் சொந்தக்காரங்க கழுவக் கூடாது, அக்கம்பக்கத்துக்காரங்கதான் கழுவணும்னு முறை இருக்கு பாத்தியா? அந்த வீட்டுக்கு அக்கம்பக்கம்னு இருந்தது நான்தான். கழுவினேன். நல்லாக் கழுவினேன்மா."

அந்த "நல்லா" என்ற வார்த்தையில்தான் மனிதர் உடைந்துபோனார். பிறகு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கோயில்ல என் பேரக் குடுக்கறப்ப அவங்க ஏழு பேரையும் முன்னாடி எழுது. நான் கடைசியில நின்னுக்கறேன். தனியா மட்டும் விட்றாதே. எனக்குப் பயமா இருக்கு."

சத்தியம் செய்து கொடுத்தாள். அவரை எடுத்த பிறகு, தரை கழுவ வந்த பக்கத்து வீட்டுக்காரியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, முறையாவது மண்ணாவது என்று அவளே மண்டி போட்டுக் கழுவினாள்.

இந்த இரண்டாயிரமாவது வருஷத்து ஆகஸ்ட் மாசக் கடைசி ஞாயிறு அன்று அந்தச் சத்தியத்துக்கு வந்தது ஆபத்து.

மேஜையில் இருந்தவள் நோன்னா. ஒரு காலத்தில் கட்சி ஆபீசில் டைப்பிஸ்ட். இப்போது கோயிலில் இவளைவிடப் பெரிய பக்தை கிடையாது, அதை இவளே சொல்வாள். சீட்டை வாங்கிப் பார்த்தவள் பென்சிலை எடுத்தாள்.

"அக்கா, இந்த ஏழு பேரையும் இனிமே இதுல எழுதக் கூடாது."

"ஏன் நோன்னா?"

"டிவி பாக்கலியா? போன ஞாயித்துக்கிழமை மாஸ்கோவுல இவங்களப் புனிதர்கள்னு அறிவிச்சாச்சு. புனிதருக்குப் போயி நாம ஆத்மசாந்தி கேக்கறதா? டாக்டருக்கு நோயாளி ஊசி போட்ட கதையால்ல இருக்கு! இனிமே அவங்கதான் நமக்காகக் கேக்கணும்."

பேச்சோடு பேச்சாகப் பென்சில் ஏழு கோடு போட்டது. யெஃபீம் மட்டும் தாளின் அடியில் ஒற்றையாக நின்றார்.

கப்பித்தோலீனா தாளைப் பார்த்தாள். ஏழு பேரும் மேலே ஏறிப் போய்விட்டார்கள். தனியாக விடாதே என்று கெஞ்சிய மனிதர் நட்ட நடுத் தெருவில் நிற்கிறார்.

"யாரு அக்கா இந்த யெஃபீம்?" என்றாள் நோன்னா. "ராஜ குடும்பத்துக்குப் பின்னாடி வால் மாதிரி... இருங்க, நீங்க யெஃபீமோவ்னா, யெஃபீமோட மக இல்ல? உங்கப்பாவா?"

"ஆமா."

"அவங்களோடயா இருந்தாரு?"

"அந்த வீட்லதான்... வேல பாத்தாரு."

சொன்னது பொய்யில்லை. ஆனால் நோன்னாவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியதைப் பார்த்தபோதுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது கப்பித்தோலீனாவுக்கு உறைத்தது. நோன்னா சிலுவை போட்டுக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "ஏங்க, எல்லாரும் வாங்க! நம்ம ராஜ குடும்பத்துக்கு ஊழியம் செஞ்சவரோட மக! இத்தன வருஷமா நம்ம நடுவுலயே வாயத் தொறக்காம நின்னிருக்காங்க! என்ன அடக்கம் பாருங்க!"

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி கையை முத்தமிட்டாள். இன்னொருத்தி தோளில் சாய்ந்து அழுதாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, கப்பித்தோலீனாவால் கத்தவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. நாற்காலி வந்தது. அவளைக் கொண்டுபோய் முன்வரிசையில், புதிதாக வந்திருந்த படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

படத்தில் ஏழு பேரும் பொன்னாடை உடுத்தி, கையில் சிலுவை ஏந்தி நின்றார்கள். அப்பா சொன்னவர்களை அவள் அதில் தேடினாள். ரொட்டி கருகியதற்குச் சிரித்த பெண் யார்? பிள்ளையைத் தூக்கி வந்த தகப்பன் இவர்தானா? படத்தில் அந்தப் பையன் தன் காலிலேயே நின்றான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அப்பாவும் இந்தக் கூட்டத்தோடு ஏறிவிடலாம். ஊழியக்காரர் யெஃபீம் என்று ஊரே அவருக்கு ஜெபம் பண்ணும். தனியாக விடவில்லை என்றும் ஆகிவிடும். இந்த எண்ணம் அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஆசையாகவே வந்தது.

அப்போதுதான் ஓர் இளம் தாய் தன் பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் கிடத்தினாள். "பொறந்ததுலேருந்து காய்ச்சல்மா. அவங்களுக்கெல்லாம் சேவை செஞ்ச கையோட வாரிசு நீங்க. ஒரு தடவ தலையத் தொடுங்க."

கப்பித்தோலீனா தன் கையைப் பார்த்தாள். அகலமான விரல்கள், அப்பாவுடைய விரல்களேதான். தொட முடியவில்லை. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். நோன்னா எல்லாச் சீட்டையும் போட்டு அனுப்பிய பெட்டியோடு பாதிரியார் ஃபாதர் வதீம் அப்போதுதான் வெளியே வந்தார். சின்ன வயசு, தாடி இன்னும் முழுசாக வளரவில்லை.

"எங்கப்பா அவங்களுக்கு ஊழியம் செய்யல," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "காவக்காரரு. சுடல. ஆனா மறுநாள் அந்த ரூம அவருதான் கழுவினாரு."

அந்தத் தாய் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். நோன்னாவின் முகம் செங்கல்லாகிவிட்டது.

"அடிப்பாவி! அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? முப்பது வருஷமா அந்தாளு பேர அவங்க பேரோட சேத்து ஒரே சீட்டுல எழுதிக் குடுத்திருக்கியே, உனக்குக் கை கூசல?"

"கூசிச்சு. அதனாலதான் கடைசியில எழுதினேன்."

நோன்னா பாதிரியாரிடம் திரும்பினாள். "ஃபாதர், அந்தச் சீட்டக் கிழிச்சுப் போடுங்க!"

ஃபாதர் வதீமுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. பெட்டியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவரு ஞானஸ்நானம் வாங்கினவராம்மா?"

"ஆமா ஃபாதர்."

"அப்ப பேரு பெட்டியிலதான் இருக்கணும்."

"தனியா விடாதேன்னு கேட்டாரு ஃபாதர். அவங்க பேர அடிச்சுட்டாங்களே. இனிமே அவரு யாரு பின்னாடி நிப்பாரு?"

ஃபாதர் வதீம் ஜெபத்தைத் தொடங்கினார்.

அவள் படத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இத்தனை வருஷம் அவர்களுக்காகக் கேட்டவள், இன்றுதான் முதல்முறையாக அவர்களிடம் கேட்கிறாள். யார்கிட்டப் போய் யாருக்காகக் கேட்கிறோம் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் உதட்டுக்குள்ளேயே சொன்னாள்: "இவ்வளவு நாளா உங்க பின்னாடிதான் வந்தாரு. இப்ப நீங்க ரொம்ப தூரம் போயிட்டீங்க. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாருங்க."

பேர்கள் வழக்கம்போலச் சரசரவென்று ஓடின. முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அப்பாவின் பேரை முழுசாகக் கேட்டதில்லை. எட்டாவது பேர் வருவதற்குள் வாசிப்பவருக்கு மூச்சு முடிந்துவிடும், அது தொண்டைக்குள்ளேயே போய்விடும். இன்று ஃபாதர் வதீம் ஒரு சீட்டில் வந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

"யெஃபீம்."

தெளிவாக, ஒற்றையாக, கூரை மரம் வரைக்கும் போய் இறங்கியது. படத்தில் இருந்தவர்கள் திரும்பினார்களோ இல்லையோ, கோயிலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். நோன்னா பார்த்த பார்வையில் பச்சைமரம் பற்றிக்கொள்ளும்.

கப்பித்தோலீனா யெஃபீமோவ்னா தலையைக் குனியவில்லை. அப்பா தனியாக இல்லை.