எல்லாம் சேர்ந்து ஒரே ஃபைல்

நெடுஞ்செழியன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம். இதை அவன் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, அவன் அம்மாவே சொல்லிவிடுவாள். அதனால் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் யார் வீட்டு டிவி மக்கர் பண்ணினாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். அவன் போய், முகத்தைக் கொஞ்சம் சுளித்து, அணைத்துவிட்டு மறுபடி போடுவான். பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரம் கம்பெனியைத் திட்டிவிட்டு வருவான். படிப்பில் உருப்படியாகக் கைவந்தது அவ்வளவுதான்.

படிக்காமலே கைவந்தது, ஆட்களைப் போல நடித்துக் காட்டுவது. காலேஜில் முதல்வரிலிருந்து கேன்டீன்காரர் வரை அவனிடம் தப்பித்தவர் கிடையாது. சொந்தக்காரர்களும்தான்.

அவனுடைய பெரியப்பா வீரையனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். பொழுது போகட்டும் என்று மருமகன் ஷார்ஜாவிலிருந்து கையடக்கமாக ஒரு வீடியோ பிளேயர் வாங்கி வந்திருந்தார். எந்தக் கம்பெனியும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளத் துணியாத பெட்டி அது.

ஒரே மகள் கயல்விழியின் வளைகாப்பு குடவாசலில், மாப்பிள்ளை வீட்டில், ஒரு புதன்கிழமை நடந்தது. புதன் பெரியப்பாவுக்கு மெஷின் நாள். நாளை மாற்றலாமா என்று சம்பந்தி கேட்டதற்கு, "நல்ல நாளு அதுன்னா அதுல செய்ங்க, எனக்காவ எதுக்கு?" என்று அவரே சொல்லிவிட்டார். செழியன் தன் போனில் எல்லாவற்றையும் எடுத்து வந்தான்.

"அதை இந்தப் பொட்டில ஏத்திக் குடுடா. படுத்துக்கிட்டே பாத்துக்கறேன்."

போனில் எடுத்த எதையும் பெட்டி ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் 'ஓடாது' என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்லியது. அதற்குப் புரிகிற மாதிரி வீடியோவை மாற்றித் தர ஒரு மென்பொருள் வேண்டும். இலவசமாக வேண்டும். செழியன் லேப்டாப்பைத் திறந்து, பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

முதலாவது நன்றாகத்தான் மாற்றியது. ஆனால் படத்தின் நடுவில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் குத்தியது. கயல்விழிக்குச் சந்தனம் பூச வேண்டிய கன்னத்தில் கம்பெனி விளம்பரம். இரண்டாவது பாதி மட்டும் மாற்றிவிட்டு, மீதிக்குக் காசு கேட்டது. வளையல் தட்டு வந்து நிற்கிறது, அத்தோடு இருட்டு. மூன்றாவதைப் பற்றி உலகத்திலேயே இரண்டு பேர்தான் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர் 'நன்று' என்றார். இன்னொருவர் 'மிக நன்று' என்றார். முத்திரை இல்லை, பாதியில் நிற்கவும் இல்லை. பெரியப்பா நாலு பேர் முன்னால் பார்ப்பார், அசிங்கமாக இருக்கக் கூடாது என்று செழியன் அதையே எடுத்தான்.

அது நிறையக் கேள்வி கேட்டது. கேட்ட கையோடு தானே டிக்கும் அடித்து வைத்திருந்தது. இந்த ஃபோல்டரில் உள்ள எல்லா வீடியோவுமா? டிக். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஃபைலாகவா? டிக். செழியன் எதையும் படிக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கிக்கொண்டே போனான். படிப்பதென்றால் அவன் காலேஜிலேயே படித்திருப்பானே.

வெள்ளிக்கிழமை காலை மெமரி கார்டைப் பெட்டியில் செருகிக் கொடுத்தான். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று பெரியப்பா மகிழ்ந்துபோய், வேம்புப் பெரியம்மாவோடு பஸ் ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் கயல்விழி போன் பண்ணினாள். "டேய், எனக்கும் ஒரு காப்பி அனுப்புடா."

அனுப்பத் திறந்தவன் சும்மா ஓட்டிப் பார்த்தான். வளையல் அடுக்கினார்கள். ஆரத்தி எடுத்தார்கள். அடுத்து, மாப்பிள்ளை வீட்டுக் கொல்லை. தோளில் துண்டு, கையில் டம்ளரோடு அவனே நின்றுகொண்டிருந்தான்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் கொல்லையில் எடுத்தது. சிறுநீரகம் போனவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். பெரியப்பாவுக்குப் பெரியம்மாதான் டம்ளரில் அளந்து ஊற்றுவாள். செழியன் பெரியப்பாவைக் கடைமடை விவசாயியாக்கி, பெரியம்மாவைப் பொதுப்பணித்துறை அதிகாரியாக்கியிருந்தான். "அம்மா, கடைமடைக்கு இன்னும் தண்ணி வந்து சேரலைங்க." "வரத்து கம்மி. முறை வச்சுத்தான் வுடுவோம். காலைல அரை டம்ளரு, சாயந்தரம் அரை டம்ளரு." போன் பிடித்தவள் கயல்விழி. படம் ஆடுகிற அளவுக்குச் சிரித்திருந்தாள். சாயங்காலமே அது காலேஜ் குரூப்பில் போய்ப் பெயர் வாங்கியிருந்தது.

செழியன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி நெல் மூட்டைகளோடு, யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல் போனது.

தஞ்சாவூரில் மெஷின் இருக்கும் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது, பெட்டி பெரியப்பாவின் வயிற்றின் மேல் அணைந்தே கிடந்தது.

"வாடா! ஊசி குத்துன கைய அசைக்கக் கூடாது. ஒத்தக் கையில இதைப் புடிக்கவும் முடியல, அமுக்கவும் முடியல. யாருடா வருவான்னு கெடந்தேன். போடு, போடு."

வராமல் இருந்திருந்தால் அவர் பார்த்தே இருக்கமாட்டார்.

"சார்ஜ் இருக்காது பெரியப்பா. வீட்ல போயி..."

"ஃபுல்லா இருக்குன்னு அனுராதா பாத்து சொல்லிடிச்சு" என்றார் பெரியப்பா. அந்த நர்ஸும் தலையாட்டினாள். பக்கத்துப் படுக்கையில் கூத்தாநல்லூர் அப்சர் பாய் தலையை இந்தப் பக்கம் திருப்பினார். "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கமா சாய்ச்சுப் புடி. நம்மளும் விசேஷத்துக்கு வந்த மாதிரி இருக்கும்."

செழியன் பெட்டியைப் பிடித்தான். கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது. மகள் கையில் வளையல் ஏற ஏறப் பெரியப்பா வாய்விட்டு எண்ணினார். ஆரத்தி முடிந்ததும் செழியன் 'அடுத்தது' பட்டனை அமுக்கினான். ஒரே ஃபைலுக்கு ஏது அடுத்தது? படம் முதலிலிருந்து ஓடியது.

"ஏன்டா?"

"கை பட்டுடிச்சு."

"நீ பட்டனைத் தொடாத. கையை அந்தாண்ட எடு."

எடுத்தான். வளையல். ஆரத்தி. கொல்லை.

முதலில் சிரித்தது அப்சர் பாய்தான். அவரும் தண்ணீரை அளந்து குடிப்பவர்தானே. "முறை வச்சு வுடுவாங்களாம்ல!" என்று அவர் குலுங்கிய குலுங்கலில் மெஷின் கத்தியது, அனுராதா ஓடி வந்தாள். பாய் சிரிப்பதைப் பார்த்துப் பெரியப்பாவும் சிரித்தார். துண்டு போட்டிருக்கும் விதத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

படத்தில் செழியன் டம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, ஒட்டியிருந்த ஈரத்தை வழித்து நாக்கில் தடவினான். கயல்விழியின் சிரிப்பு உச்சத்துக்குப் போயிற்று. அப்புறம் பந்தி. இலையில் பாயசம் விழுந்தது.

பெரியப்பா பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நம்ம வீட்டு அடுப்படில டம்ளரை வழிச்சப்ப, யாரும் இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

எந்த வாத்தியார் எழுப்பிக் கேட்டாலும் ஏதாவது உளறுகிற செழியன், பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இறக்கி வைக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை.

"சிரிக்கிறது கயலுதானே?"

"இல்ல பெரியப்பா. யாரோ அந்த வீட்டுப் பொண்ணு."

"ம். நான் பாத்தேன்னு அதுகிட்ட சொல்லாத. புள்ளத்தாச்சி" என்றார்.

அனுராதா டீ கொண்டு வந்தாள். மெஷினில் இருக்கும்போது மட்டும் ஒரு டம்ளர் நிறையக் குடிக்கலாம். அதற்காகவே அவர் தஞ்சாவூர் வருவதாக வீட்டில் சொல்வார்கள்.

"ஐயா, சூடா இருக்கு, இந்தாங்க."

பெரியப்பா டம்ளரைப் பார்த்தார். செழியனைப் பார்த்தார். "வேணாம்மா."

"என்னங்க, நீங்களா வேணாங்கிறீங்க?"

"வேணாம்."

செழியன் பெட்டியை மெதுவாகப் படுக்கையில் வைத்தான். "நான் வெளில இருக்கேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்தான். கதவில் கண்ணாடி இருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

எதிர் பெஞ்சில் வேம்புப் பெரியம்மா மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து நகர்ந்து இடம் விட்டாள்.

"பாத்தாராடா? ரெண்டு நாளா அதே பேச்சுதான் அவருக்கு. நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பெரியம்மா."

"நீ இல்லன்னா எங்களுக்கு யாருடா செய்வா" என்று அவன் தலையைத் தடவினாள். அவன் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான்.