ஹஃப்சியாவின் மடியில் ஒரு முட்டை

1

இந்தக் கதையை எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள். ரொட்டிக்கடை வரிசையில் ஹஃப்சியா சொன்னபோது அது சூனியக் கதை. தலெந்தா சொன்னபோது அது உயிரியல் பாடம். இரண்டையும் கலந்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

கெபிலியின் மேல் சூரியன் பொன்னை உருக்கி

(வேண்டாம். எங்கள் பாலைவன ஊரில் சூரியன் அது பாட்டுக்குக் காய்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.)

2

தலெந்தா பள்ளிக்கூடத்து உயிரியல் ஆசிரியை. மறுநாள் வகுப்புக்காக இரண்டு முட்டைகளை வினிகரில் ஊறப்போட்டு ஓட்டைக் கரைத்திருந்தாள். மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சியது. ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைப் பேரீச்சம்பாகிலும் போட்டாள். அந்தச் சவ்வு தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது. ஆகவே தண்ணீரில் கிடந்தது உறிஞ்சிப் பருத்தது. பாகில் மிதந்ததோ தன்னிடமிருந்த தண்ணீரைப் பாகுக்குத் தாரைவார்த்துவிட்டுச் சுருங்கிப்போனது.

அன்று அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். ஃப்ரிட்ஜ் முழுக்கப் பலகாரம், தம்ளர்களுக்கு இடமில்லை. அவளுடைய அம்மா ஸல்ஹா இரண்டு தம்ளர்களையும் எடுத்துக்கொண்டுபோய் முன்னறை அலமாரிமேல் வைத்துவிட்டாள்.

3

பக்கத்து ஊர் தூஸிலிருந்து மாப்பிள்ளை ஃபெர்ஜானி வந்தான். கூடவே அவனை வளர்த்த அத்தை ஹஃப்சியா. (முதல் பிரதியில் ஃபெர்ஜானிக்குப் பெரிய மீசை வைத்திருந்தேன். அத்தை முன்னால் அவனுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருப்பதுபோலத் தெரிந்தது. மழித்துவிட்டேன்.)

தேநீர் வருவதற்குள் ஹஃப்சியா தம்ளர்களைப் பார்த்துவிட்டாள்.

“கொழுத்தது யாரு? வத்தினது யாரு?”

“ரெண்டும் முட்டைதான் பெரியம்மா,” என்றாள் தலெந்தா.

“எனக்குத் தெரியாதா? கொழுத்தது நீ. வத்தினது எங்க பையன்.”

தலெந்தா பொறுமையாக விளக்கினாள். சவ்வு என்றாள், செறிவு என்றாள், நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இப்படித்தான் வாங்கிக் கொடுத்து வாழ்கிறது என்றாள். அவள் விளக்க விளக்க, ஹஃப்சியாவின் சூனியச் சந்தேகம் ஊர்ஜிதமாகிக்கொண்டே போனது. ஃபெர்ஜானி மட்டும் அலமாரிக்கு முன்னால் குனிந்து, தோல் இல்லாமல் அதற்கு வலிக்காதா என்று கேட்டான். அந்த முட்டாள்தனமான கேள்வி தலெந்தாவுக்குப் பிடித்துவிட்டது. இவன் கைவிட்டுப் போகக்கூடாது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

4

வற்றிய முட்டையை அவள் கழுவி, நல்ல தண்ணீரில் போட்டாள். விடிவதற்குள் பருத்துவிடும் என்றாள்.

ஹஃப்சியா யோசித்தாள். சூனியம் வைத்த வீட்டில் இரவு தங்க முடியாது. முட்டையை இங்கேயே விட்டுப்போனால் ஆள்மாறாட்டம் நடக்கும். ஆகவே தம்ளரோடு தானே கொண்டுபோவதாகத் தீர்ப்பு சொன்னாள்.

“எங்க வீட்ல வந்து எங்க பையன் தேறினா, கல்யாணம். வழியிலேயே செத்துப்போனா, பேச்சே கிடையாது.”

“நான் இங்கதானே இருக்கேன் அத்தை,” என்றான் ஃபெர்ஜானி. யாரும் காதில் வாங்கவில்லை.

கார் வரை வந்த தலெந்தா அவனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “தண்ணி ஏற ஏற சவ்வு விறைக்கும். அப்புறம் சின்னக் குலுக்கலே போதும், வெடிச்சிடும். பாத்து ஓட்டுங்க.”

“சூனியம்னே வெச்சுக்கங்க,” என்றான் அவன். “எனக்குச் சம்மதம்.”

(இதை அவன் சொல்லவேயில்லை என்கிறாள் ஹஃப்சியா. எழுதுகிறவன் நான். சொன்னான்.)

5

இப்போது முடிவு. ஒரு பிரதியில் முட்டை வெடித்து ஹஃப்சியாவின் பட்டு மேலாடை நாறியது. இன்னொன்றில் தூஸ் முழுக்கக் குலவைச் சத்தம். மூன்றாவதில் ஸல்ஹா, பதற்றத்தில் கொழுத்த முட்டையை மாற்றிக் கொடுத்து

(போதும்.)

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். கெபிலியிலிருந்து தூஸ் போகும் சாலையில் ஒரு கார் ஊர்கிறது. பின்னால் பேரீச்சம்பழ லாரிகள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டன. ஒரு ஒட்டகம் முந்திப் போகிறது. இறங்கி நடந்தால் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம் என்று அத்தை திட்டுகிறாள், ஆனாலும் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறாள். உள்ளே முட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறது. தேறத் தேற, வெடிக்கவும் தயாராகிறது.

எதிரே வேகத்தடை. ஃபெர்ஜானி மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறான். இனி ஓட்டுவது நீங்கள்தான். பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள்.